கடைசிக் கை: மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு தாதி கேட்க வேண்டியவை



உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் உங்களில் சிலர் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருப்பதாக அறிந்து மகிழ்ந்தேன். இக்கல்லூரியின் பழைய மாணவியாகவும் இன்று தாதிய உத்தியோகத்தராகவும் இருக்கும் என்னிடம் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "ஊசி போடப் பயமில்லையா?" என்பதுதான். ஊசி போடும் கைப்பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும். அந்த ஊசிக்குள் இருப்பது சரியான மருந்துதானா, அது இந்த நோயாளருக்கு உரியதுதானா என்று ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கும் பழக்கம் அப்படித் தானாக வராது. அதை நாமே வளர்த்து, ஓய்வு பெறும் நாள்வரை காத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு வைத்தியசாலையில் மருந்து பல கைகளைக் கடந்து வருகிறது. வைத்தியர் எழுதுகிறார், மருந்தாளர் எடுத்துத் தருகிறார், தாதி கொடுக்கிறார். வைத்தியர் எழுதியதில் பிழை இருந்தால் மருந்தாளர் கண்டுபிடிக்கலாம். மருந்தாளர் தந்ததில் பிழை இருந்தால் தாதி கண்டுபிடிக்கலாம். தாதி கொடுத்தபின் அதைத் தடுக்க இன்னொரு கை இல்லை. நம்முடையது கடைசிக் கை. உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு மருந்துகளால் ஏற்படும் தீங்கைக் குறைப்பதற்கென ஒரு உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியது. மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் செலவு ஏறத்தாழ 4,200 கோடி அமெரிக்க டொலர் என அது அப்போது கணக்கிட்டது. 2022 செப்டெம்பர் 17ஆம் திகதி கொண்டாடப்பட்ட உலக நோயாளர் பாதுகாப்புத் தினத்தின் கருப்பொருளும் இதுவே.

நம் சமூகத்துக்குத் தாதியம் புதிய தொழில் அன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களை, ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த வரலாற்றை நாம் அறிவோம். பிறருடைய உடைமையை நம்பிக்கையோடு ஏற்றுக் காப்பதை அமானிதம் என்கிறோம். நோயாளர் நம்மிடம் தருவது தன் உடலையே. அவர் கையில் நாம் வைக்கும் குளிசையை ஏன், எதற்கு என்று கேட்காமல் விழுங்குகிறார். அவர் கேட்காத கேள்விகளை அவருக்காக நாம் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விகளைத்தான் தாதியக் கல்வியில் "ஐந்து சரி" என்று கற்பிக்கிறார்கள். சரியான நோயாளர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பிற்காலத்தில் சரியான பதிவு என்பதும் இவற்றோடு சேர்ந்தது. பரீட்சைக்கு இவற்றை மனனம் செய்வது எளிது. நம் ஊர் வாட்டுகளில் இவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

சரியான நோயாளர்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் வாட்டில் ஒரே நேரத்தில் மூன்று பாத்திமாக்கள் இருப்பது அதிசயமில்லை. நம் பெண்பிள்ளைகள் பலருக்குப் பெயரின் முற்பகுதி பாத்திமா. ஆண்பிள்ளைகள் பலருக்கு முகம்மது. வீட்டில் அழைக்கும் பெயர் வேறாக இருக்கும். தமிழ் நோயாளரிடமும் இதே சிக்கல் உண்டு. ஒரே பெயரில் இருவர் இருப்பர். ஒருவருக்கு முதலெழுத்து தகப்பன் பெயரிலும் மற்றவருக்குக் கணவன் பெயரிலும் இருக்கும்.

ஆகவே கட்டிலருகே சென்று, "நீங்கள் பாத்திமாதானே?" என்று கேட்கக் கூடாது. காய்ச்சலில் அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஓம்" என்பார். காது மந்தமான முதியவரும் மரியாதைக்குத் தலையாட்டுவார். "உங்கட முழுப்பெயர் என்ன உம்மா? எத்தனை வயது?" என்று கேளுங்கள். பெயரை அவர் வாயிலிருந்து வரச் செய்யுங்கள். அதனை பீ.எச்.ரி. எனப்படும் நோயாளர் அட்டையிலுள்ள பெயரோடும் பதிவிலக்கத்தோடும் ஒப்பிடுங்கள். கட்டில் இலக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. காற்று வேண்டுமென்று ஒருவர் யன்னலோரக் கட்டிலுக்கு மாறியிருப்பார். கட்டிலில் பக்கத்து நோயாளரைப் பார்க்க வந்தவர் அமர்ந்திருப்பார்.

சரியான மருந்து

மருந்தின் பெயரை மூன்று முறை படிக்க வேண்டும் என்பது பழைய பாடம். அலுமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, அளக்கும்போது ஒருமுறை, திருப்பி வைக்கும்போது ஒருமுறை. படிப்பது என்றால் எழுத்துகளைப் படிப்பது. நிறத்தையும் வடிவத்தையும் போத்தல் இருக்கும் இடத்தையும் கண் அடையாளம் கண்டுகொள்வது படிப்பதாகாது.

இதற்கு 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர வைத்தியசாலை ஒன்றில் நடந்தது ஒரு பெரும் படிப்பினை. குறைமாதக் குழந்தைகளுக்கு ஏற்றப்படும் குழாய்களில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பரின் என்ற மருந்தை மிகச் செறிவு குறைந்த நிலையில் பயன்படுத்துவர். ஒரு மில்லிலீற்றரில் 10 அலகு கொண்ட சிறு குப்பிகள் இருக்க வேண்டிய இடத்தில், 10,000 அலகு கொண்ட குப்பிகள் தவறுதலாக வைக்கப்பட்டுவிட்டன. இரண்டும் ஒரே அளவானவை. இரண்டின் சிட்டைகளும் நீல நிறம் சார்ந்தவை. ஒன்றுக்கு மேற்பட்ட தாதியர் வழக்கமான இடத்திலிருந்து வழக்கமான குப்பி என்றெண்ணி எடுத்தனர். ஆறு குழந்தைகளுக்கு ஆயிரம் மடங்கு மருந்து சென்றது. மூன்று குழந்தைகள் இறந்தன. அத்தாதியர் எவரும் அக்கறையற்றவர் அல்லர். கண் தனக்குப் பழகியதையே பார்த்தது. கவனமாக இரு என்று சொல்லிக்கொள்வது போதாது, எழுத்தைப் படிக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மருந்தின் பெயரில் நம் நாட்டுக்குரிய இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே மருந்துக்கு ஒரு பொதுப்பெயரும் பல வணிகப் பெயர்களும் இருக்கும். இந்தக் குழப்பத்தைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர் நம் நாட்டின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, தேவையான மருந்துகளை மட்டும் பொதுப்பெயரில் வாங்கும் கொள்கையை நடைமுறைப்படுத்தினார். வளர்முக நாடுகள் பலவற்றுக்கு அது முன்மாதிரியாயிற்று.

நம் மக்களுக்குப் பரசிற்றமோல் என்றால் தெரியாது. பனடோல் என்றால்தான் தெரியும். வாட்டில் பரசிற்றமோல் கொடுத்துவிட்டுப் போனபின், தலையணைக்கு அடியில் இருக்கும் பனடோலை எடுத்து நோயாளர் இன்னும் இரண்டு விழுங்குவார். அவரைப் பொறுத்தவரை இவை இரு வேறு மருந்துகள். 500 மில்லிகிராம் குளிசையில் ஒரு வளர்ந்தவருக்கு 24 மணி நேர உச்ச அளவு எட்டு. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயுள்ளோருக்கும் அதனினும் குறைவு. அளவு மீறினால் ஈரல் கெடும்.

மாரிமழை தொடங்கி யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகும் மாதங்களில் இது மேலும் முக்கியம். டெங்குக் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே உகந்தது. ஐபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் போன்றவை இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டுபவை. காய்ச்சலோடு வருபவரிடம், "வீட்டில் என்ன மருந்து எடுத்தீர்கள்? உடம்பு நோவுக்குக் கடையில் ஏதும் வாங்கினீர்களா?" என்று கேட்பதும் மருந்து கொடுக்கும் வேலையின் ஒரு பகுதியே.

நம் சமூகத்தில் நான் அடிக்கடி காணும் இன்னொரு நிலைமை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபின் நம் குடும்பங்கள் பல புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலுமாகப் பிரிந்து வாழ்கின்றன. வயதான பெற்றோர் இங்குள்ள பிள்ளையிடம் சில மாதம், அங்குள்ள பிள்ளையிடம் சில மாதம் இருப்பார்கள். அவர்களிடம் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருக்கும். இரண்டு இடத்திலும் இரத்த அழுத்தத்துக்கு ஒரே மருந்து, வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில் தரப்பட்டிருக்கும். இரண்டையும் ஒழுங்காக விழுங்குவார்கள். பின்னர் தலைச்சுற்றி விழுவார்கள். "எல்லாக் கொப்பியும் கொண்டு வந்தீர்களா?" என்ற ஒரு கேள்வி அவர்களைக் காக்கும்.

சரியான அளவு

கணக்கில் பயமுள்ள தங்கைகள் இப்பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஒரு குழந்தைக்குப் பரசிற்றமோல் ஒரு வேளைக்கு, உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் வீதம் எழுதப்பட்டுள்ளது எனக் கொள்வோம். குழந்தையின் நிறை 12 கிலோகிராம். 12ஐ 15ஆல் பெருக்க 180 மில்லிகிராம். கையிலுள்ள பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் உண்டு. 180ஐ 120ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலீற்றர் வரும். தேவையான அளவை, கையிலிருக்கும் செறிவால் வகுத்து, அது அடங்கிய கனவளவால் பெருக்குவதே சூத்திரம்.

விடை வந்தபின் இன்னொரு கேள்வி: இது நியாயமான அளவா? ஒரு குழந்தைக்கு 75 மில்லிலீற்றர் பாணி என்று கணக்கு சொன்னால், முழுப் போத்தலையே ஊற்ற வேண்டி வரும். அங்கே தசமப்புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும். ஒரு வேளைக்கு நாலைந்து குளிசைகளை அல்லது மூன்று நான்கு ஊசிக் குப்பிகளை உடைக்க வேண்டியிருந்தாலும் அப்படியே. கையை நிறுத்தி, அட்டையை மறுபடி பாருங்கள்.

எழுதும் முறையாலும் அளவு பிழைக்கும். 5 என்பதை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கியபோது 50 ஆகும். அரை மில்லிகிராமைப் புள்ளி ஐந்து என்று மட்டும் எழுதினால் 5 ஆகும், எனவே 0.5 என எழுத வேண்டும். இன்சுலினுக்கு அலகு என்பதை ஆங்கிலத்தின் ஒற்றை எழுத்தால் குறித்தால் அது பூச்சியம் போலத் தெரியும். 10 அலகு 100 அலகு ஆகிவிடும். அச்சொல்லை முழுமையாக எழுதுவதற்கு இரண்டு விநாடி போதும். இன்சுலினை இன்சுலினுக்குரிய சிறிஞ்சிலேயே எடுக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

வீட்டுக்குப் போகும் தாய்மாருக்கு, "ஒரு கரண்டி கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் கரண்டி ஒவ்வொரு அளவு. அளவு குறித்த மூடியையோ ஊசியில்லாத சிறிஞ்சையோ காட்டி, எந்தக் கோடுவரை என்று விரலால் தொட்டுச் சொல்லுங்கள்.

சரியான வழியும் சரியான நேரமும்

விழுங்கும் மருந்து, நாக்கின் கீழ் வைக்கும் மருந்து, தசையில் போடுவது, நாளத்தில் ஏற்றுவது எனப் பல வழிகள் உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்க வேண்டிய குளிசையை விழுங்கினால் உடன் பலன் கிடையாது. மெதுமெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட குளிசையை, விழுங்கக் கஷ்டப்படுகிறார் என்று இரக்கப்பட்டு இடித்துக் கொடுத்தால், ஒரு நாளைக்குரிய மருந்து சிறிது நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். பொட்டாசியம் குளோரைட் ஊசியை நேரடியாக நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதை நீர்த்த நிலையில் மெதுவாகவே ஏற்ற வேண்டும். இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் போன்றவற்றை இருவர் சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான். இரண்டாமவர் தனியே கணக்குப் பார்க்க வேண்டும். "7.5 வருகிறது, சரிதானே?" என்று விடையைச் சொல்லிக் கேட்டால், அவர் பார்க்காமலே "ஓம்" என்பார்.

நேரத்தைப் பொறுத்தவரை, மெதோட்ரெக்சேற் என்ற மருந்தை நினைவில் வையுங்கள். மூட்டுவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டியது. நாள்தோறும் எடுத்தால் எலும்பு மச்சையைப் பாதித்து உயிரையே போக்கும். வாரத்தில் ஒருநாள் என்று மட்டும் சொல்லாமல் எந்தக் கிழமை என்று வைத்தியரிடம் கேட்டு, அந்தக் கிழமையின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் நம்மவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

நோன்பு மாதம் வந்தால், "மூன்று நேரம், சாப்பாட்டுக்குப் பின்" என்ற வழக்கமான சொல் பொருந்தாது. நம் பெரியவர்கள் சிலர், பகல் மருந்தையும் ஸஹர் மருந்தோடு சேர்த்து விழுங்கிவிடுவார்கள். சிலர் மாதம் முழுவதும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். நீரிழிவுள்ளோர் இன்சுலினை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு நோன்பிருந்தால், பகலில் இரத்தத்தில் சீனி குறைந்து மயங்குவர். ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் சென்று, நோன்பிருக்க முடியுமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேட்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள். சீனியின் அளவு 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால் நோன்பைத் துறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நினைவூட்ட, நம் மொழியும் நம் வழக்கமும் தெரிந்த ஒரு தாதியால் முடியும். இந்தத் தொழிலில் நம் பெண்கள் இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

எந்தப் புதிய மருந்துக்கும் முன், "ஏதும் மருந்து உங்களுக்கு ஒத்துவராமல் போனதுண்டா?" என்று கேளுங்கள். ஒவ்வாமை என்ற சொல் பலருக்கு விளங்காது. "ஊசி போட்டபின் உடம்பு தடித்ததா, மூச்சு இழுத்ததா, முகம் வீங்கியதா?" என்று கேட்டால் விளங்கும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசியின் முதல் வேளைக்குப் பின் நோயாளரை விட்டு விலகாமல் கவனியுங்கள். கடும் ஒவ்வாமை ஏற்பட்டால் முதல் மருந்து அதிரினலின். வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அது வைத்திருக்கும் தட்டு எங்கே என்று கடமை தொடங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொடுத்தபின்பே கையொப்பம் இட வேண்டும். முன்கூட்டி இட்டால், இடையில் யாரேனும் அழைத்து நீங்கள் போய்விட்டபோது கொடுக்காத மருந்து கொடுத்ததாகிவிடும். நோயாளர் மறுத்தாலோ வாந்தியெடுத்தாலோ அதையும் எழுத வேண்டும். கையெழுத்து விளங்காவிட்டால் ஊகிக்காமல் எழுதியவரிடமே கேளுங்கள். தொலைபேசியில் சொல்லப்பட்டால், எழுதி, திருப்பி வாசித்துக் காட்டுங்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று யாராவது சினந்தால், அச்சினத்தைத் தாங்கிக்கொள்ளலாம். பிழை நடந்துவிட்டால் ஒளிக்காமல் உடனே சொல்ல வேண்டும். சொன்னால்தான் மாற்று மருந்து கொடுக்க நேரம் கிடைக்கும்.

நோயாளரின் கேள்வி

"போனமுறை வெள்ளைக் குளிசை தந்தீர்கள், இது மஞ்சளாக இருக்கிறதே?" என்று ஒரு பாட்டி கேட்டால் அதைத் தொந்தரவாக எண்ணாதீர்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்ததை வாங்கும் நிலை ஏற்பட்டு, குளிசைகளின் நிறமும் வடிவமும் மாறிக்கொண்டே இருந்தன. பெரும்பாலும் அவர் கேட்பதற்கு விடை, மருந்து அதேதான், கம்பனி வேறு என்பதாகவே இருக்கும். ஆனால் நூற்றில் ஒருமுறை அவர் சொல்வதே சரியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். கடைசிக் கை நம்முடையது என்றேன். அதற்கும் அப்பால் நோயாளரின் கண் இருக்கிறது. அக்கண்ணுக்கு விளங்கும்படி நாம் சொல்லியிருந்தால்தான் அது உதவும்.

இதை நம் மண்ணில் நன்கு உணர்ந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் வைத்தியம் செய்து, தமிழ் கற்று, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இன்று தாதியர் பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கிறது. மருந்து அட்டையும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை நோயாளரின் சொல்லில் சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழைப் பாடமாக மட்டும் படிக்காமல் நன்றாகப் பேசவும் எழுதவும் பழகுங்கள். கட்டிலருகே அது பயன்படும்.

பயிற்சிக்குச் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வார இறுதியில் உங்கள் உம்மம்மாவின் மருந்துப் பெட்டியை அவரோடு அமர்ந்து திறந்து பாருங்கள். ஒவ்வொரு குளிசையின் பொதுப்பெயர் என்ன, எதற்காக, எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பொதுப்பெயர் இரண்டு முறை வருகிறதா, காலாவதித் திகதி கடந்திருக்கிறதா என்று பாருங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அந்தத் தாளையும் எல்லாக் கொப்பிகளையும் கொடுத்து அனுப்புங்கள். கேட்க வேண்டியதைக் கேட்டு, படிக்க வேண்டியதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.